சீனிக்குப் பதில் சுக்ரலோஸ்: காபிக்குச் சரி, அல்வாவுக்கு?

ரதவீதி:
சர்க்கரை வியாதி உள்ள வீட்டுல சீனி டப்பாவையே தூக்கிட்டு, காபியில இருந்து தீபாவளி அல்வா வரைக்கும் செயற்கை இனிப்பு போடலாமா? தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க. 'அளவோட சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது'ன்னு மட்டும் யாரும் எழுதிராதீங்க.

மருந்துச்சீட்டு:
தாராளமா போடலாம். ஒரு டீஸ்பூன் சீனி 5 கிராம், 20 கலோரி. நாளைக்கு மூணு டம்ளர் காபி, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்னா 30 கிராம். 25 கிராமுக்குள்ள நிறுத்துனா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது; காபியிலேயே தாண்டியாச்சு. சுக்ரலோஸ்ங்கிற செயற்கை இனிப்பு சீனியைவிட 600 மடங்கு இனிப்பு, ஒரு ஸ்பூன் சீனிக்கு ஈடு 8 மி.கி. அமெரிக்காவில ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 5 மி.கி.ன்னு வரம்பு வச்சிருக்காங்க, 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி. ஆறு ஸ்பூனுக்கு 50 மி.கி. கூட வரலை.

பொதிகைக்காத்து:
அண்ணாச்சி, வரம்புக்குள்ள இருக்குங்கது வேற, உடம்புக்கு நல்லதுங்கது வேற. எடையைக் குறைக்க இந்த இனிப்புகளை நம்பாதீங்கன்னு அதே உலக சுகாதார நிறுவனம்தான் 2023 மே மாசம் சொல்லிச்சு. ஸ்டீவியாவும் அதுல அடக்கம், 'இலையில இருந்து எடுக்கது'ன்னு நழுவ முடியாது. 2022-ல வந்த இஸ்ரேல் ஆய்வுல, நல்லா இருக்கிற ஆட்களுக்கு ரெண்டு வாரம் சாக்கரின்ங்கிற இன்னொரு செயற்கை இனிப்பும் சுக்ரலோஸும் கொடுத்துப் பார்த்தாங்க. குடல் பாக்டீரியா மாறுச்சு, குளுக்கோஸ் குடிச்ச பிறகு ரத்தச் சர்க்கரை முன்னைவிட ஏறுச்சு. கொடுத்தது நீங்க சொல்லுத வரம்புக்குள்ளதான்.

மருந்துச்சீட்டு:
ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு இது பொருந்தாதுன்னு அதே பரிந்துரையில எழுதியிருக்கே, அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? கேள்வி கேட்டவர் வீடு அந்த வகைதான். இந்த இனிப்பு சாப்பிடுறவங்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலா வருதுன்னு காட்டுற நீண்டகால ஆய்வுகள்ல இன்னொரு சிக்கல்: எடை கூடுனவங்க, சர்க்கரை எல்லையில நிக்கிறவங்கதான் முதல்ல இந்த இனிப்புக்கு மாறுதாங்க. அதை வச்சு இனிப்பு மேல பழி போடுறது, குற்றாலத்துல குடை விக்கிறதாலதான் சாரல் விழுதுன்னு சொல்லுத கதை.

உடன்குடிமணல்:
இந்தச் சண்டையே வேண்டாம். கருப்பட்டி போடுங்க, இரும்புச்சத்தும் கிடைக்கும்.

மருந்துச்சீட்டு:
வாரும் வே, உம்மைத்தான் காணோமேன்னு பார்த்தேன். கருப்பட்டியில பெரும்பங்கு சுக்ரோஸ். பதநீர் புளிச்சுக் கள்ளாகாம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவுறதே அந்தச் சர்க்கரையைக் காப்பாத்தத்தானே? காபிக்கு 10 கிராம் போட்டா வர்ற இரும்பு ரொம்பக் கொஞ்சம். சர்க்கரை நோய்க்கு அது சீனியோட ஒண்ணுவிட்ட தம்பி.

உடன்குடிமணல்:
சரி, ஒரு கணக்கு மட்டும். கருப்பட்டிக்கு வாசனை தூக்கலா இருக்கதால கொஞ்சத்திலேயே கை நின்னுரும். சீனி அப்படி நிக்காது. அதுவும் சீனிப்பாகு கலக்காத கருப்பட்டியா இருந்தாத்தான்.

அடுக்களை:
அல்வாவைப் பத்தி யாரும் பேசலியே. வீட்டுக் கணக்குல 1 கிலோ சம்பாக் கோதுமைக்கு 2 கிலோ சீனி. அந்த இனிப்புக்கு சுக்ரலோஸ் மூணேகால் கிராம் போதும். மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ இடத்தை எது அடைக்கும்? சீனி இனிப்பு மட்டுமில்ல. கோதுமைப் பாலோட தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிடும், மாவுச்சத்து இறுகவிடாது, கெட்டுப்போகவும் விடாது. அது இல்லாம கிண்டுனா முதல் நாள் களி, மறுநாள் ரப்பர், மூணாம் நாள் புளிச்ச வாடை. நிறமும் வராது: அந்தப் பழுப்பு, சீனியில ஒரு பங்கை உருக்கிக் கருக்கவிட்டு ஊத்துறதுல வர்றது. தாமிரபரணித் தண்ணி ஊத்துனாலும் தப்பிக்காது.

அடிப்பிடிக்கிறதையும் பாருங்க. கோதுமைப் பால் தளதளன்னு கொதிக்கையில வெப்பம் 100-ஐ ஒட்டித்தான் நிக்கும். தண்ணி வத்தி நெய் பிரியும்போது உருளி அடி அதுக்கு ரொம்ப மேல போயிரும். 120 டிகிரிக்கு மேல சுக்ரலோஸ் சிதைஞ்சு குளோரின் சேர்ந்த பொருட்கள் உருவாகலாம்னு ஜெர்மனியின் உணவு ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல எச்சரிச்சிருக்கு. அஸ்பார்டேம்ங்கிற இன்னொரு செயற்கை இனிப்பு சூட்டுல இனிப்பையே விட்டுரும்.

எரித்ரிட்டால்ங்கிற மாற்று இனிப்பைப் போடலாமேன்னு கேப்பாங்க. ஆறுனதும் கற்கண்டு மாதிரி பூத்து நறநறங்கும், நாக்குல புதினா மாதிரி சில்லுங்கும். அதே வகை மால்டிட்டால்ல பதம் ஓரளவு வரும். ஆனா கிராமுக்கு 2 கலோரி உண்டு, சர்க்கரையையும் கொஞ்சம் ஏத்தும், ரெண்டு துண்டு கூடப் போனா வயித்தைக் கலக்கிரும்.

பொதிகைக்காத்து:
பாத்தீங்களா? அப்படியே அல்வா வந்தாலும் கோதுமை மாவுச்சத்தும் நெய்யும் எங்க போச்சு? 'சீனி இல்லை'ன்னு எழுதுன உடனே 50 கிராம் சாப்பிடுறவர் 150 கிராம் சாப்பிடுதாரு.

இன்னொண்ணு, சீனிக்குப் பதிலா ஸ்பூனுக்கு ஸ்பூன் போடுற சுக்ரலோஸ் பொடியில முக்கால்வாசிக்கு மேல மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை உடைச்சு எடுக்கிற பொடி. அது சீனிக் கணக்குல வராது, ரத்தத்துல குளுக்கோஸாத்தான் வரும்.

மருந்துச்சீட்டு:
1 கிராம் பாக்கெட்டுல அது 4 கலோரிதான், காபிக்கு ஒரு பொருட்டில்ல. கப் கணக்குல அளந்து கொட்டுற பலகாரத்துக்கு நீங்க சொல்லுதது சரி. அல்வா விஷயத்துல அடுக்களை அக்கா சொன்னதுக்கு மேல நான் வாதாடலை. தீபாவளிக்கு ஒரு சின்னத் துண்டு அசல் அல்வா, அன்னைக்கு ராத்திரி சோத்துல ஒரு கரண்டி குறைச்சல்.

ரதவீதி:
அப்ப காபிக்கு இனிப்பு மாத்திரை, அல்வாவுக்குச் சீனி. டப்பாவைத் தூக்கிரலாமா, வைக்கணுமா?

மருந்துச்சீட்டு:
வைங்க. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரையோ எடுக்கிறவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழ இறங்கி வேர்த்து நடுங்கும்போது, இனிப்பு மாத்திரை கரைச்ச தண்ணியால ஒரு பிரயோஜனமும் கிடையாது. மூணு ஸ்பூன் சீனி, 15 கிராம், தண்ணியில கரைச்சுக் கொடுத்துட்டு 15 நிமிஷத்துல திரும்பச் சோதிக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க. சீனி செரிக்கிறதையே மெதுவாக்குற வோக்லிபோஸ் மாத்திரையும் சேர்த்து எடுக்கிறவருக்குச் சீனியும் சீக்கிரம் ஏறாது. குளுக்கோஸ் பொடிதான் வேணும். அவசரத்துக்கு அல்வாவை ஊட்டிராதீங்க, நெய் அதை மெதுவாக்கிரும்.

பொதிகைக்காத்து:
இதுல உங்களோட சண்டை இல்ல. சீனி டப்பா மேல 'அவசரத்துக்கு மட்டும்'னு எழுதி ஒட்டிருங்க, பேரப்பிள்ளைக காலி பண்ணிராம.