பிள்ளையள பாறை ஏற பழக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே அக்காமாரே, ஒரு உதவி. பாளையங்கோட்டைல இருக்கோம், மகளுக்கு பத்து வயசு, சின்னவனுக்கு ஆறு. ரெண்டு பேரையும் வெளிய நெசப் பாறைல கயிறு கட்டி ஏற பழக்கணும். களக்காடு முண்டந்துறை பக்கம் புலிகள் காப்பகம், பெர்மிஷன் இல்லாம உள்ள போக முடியாது, கழுகுமலைல சமணர் சிற்பம் இருக்கு அங்க கைய வைக்கவே கூடாது, அப்போ வேற எங்கயாச்சும் ஒரு 20 அடி உசரத்துல, பின்பக்கமா நடந்தே மேல போயி கயிறு கட்டுற மாதிரி பாறை தெரியுமா? பழைய குவாரி வேண்டாம், வெடி வச்ச கல்லு, பிடிச்சா கையோட வந்துரும்.

சின்னவனுக்கு இடுப்பே கெடையாது, டவுசரே நிக்க மாட்டேங்கு, இடுப்பு ஹார்னஸ் (கயித்த மாட்டுற பெல்ட்) போட்டு தலகீழா கவுந்தான்னா உருவிட்டு வந்துருவான், அதனால ஃபுல் பாடி ஹார்னஸ்தான் வேணும். அதுவும் சின்ன சைஸ் ஹெல்மெட்டும் வாடகைக்கு கிடைக்குமா? கயிறு, விழுந்தா கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சிய தாங்குற டைனமிக் கயிறுதான், கடைல விக்கிற நைலான் கயித்த யாரும் சொல்லிராதீங்க. முக்கியமா மேல ஆங்கர் போடவும் (கயித்த பாறைல உறுதியா கட்டுறது) கீழ நின்னு பிலே பிடிக்கவும் (ஏறுறவங்க விழாம கயித்த பிடிச்சுக்கிறது) முறையா ட்ரெயினிங் எடுத்த ஆளு வேணும், யூடியூப் பாத்து நானே பண்றதா இல்ல. கார்த்திகை மழையெல்லாம் ஓஞ்சு தை மாசம் காலைல வெயிலுக்கு முன்ன போலாம்னு நெனப்பு. ஃபீஸ் பேசிக்கலாம், இன்பாக்ஸ் வாங்க.