60-உம் 30-உம் சேர்ந்தால் 70-ஆ, 90-ஆ?

பொருநைவாசி:
"மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் சதவீதக் கணக்கில் குறையே இல்லை, விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் பேராசை" என்று கணக்கர் நேற்று எழுதியதைப் படித்து வயிறு எரிந்தது. என் தம்பிக்குப் போலியோவால் காலில் 60 சதவீதக் குறைபாடு. ஒரு கண்ணில் பார்வை அறவே இல்லை, அதற்கு 30. சான்றிதழில் இருப்பதோ 70. தமிழகத்தில் கடும் பாதிப்புக்கான ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டும். 60-உம் 30-உம் 90 என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

கணக்கர்:
ஒன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அப்படித்தான் தெரியும். குறைபாட்டை அளப்பதற்கான மத்திய அரசின் நெறிமுறைப்படி, 90-இல் பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்துப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். இங்கே கூட்ட வேண்டியது 10, ஆக, 70. வெறுமனே கூட்டினால் சிலருக்கு 100-ஐத் தாண்டிவிடும்.

பொருநைவாசி:
90 எங்கே ஐயா 100-ஐத் தாண்டியது? பார்வையற்ற பக்கத்தில் படியின் விளிம்பு தெரியாமல், ஊன்றுகோலை வெறும் காற்றில் ஊன்றி அவன் சரிவதை நான் பார்க்கிறேன். ஒரு குறை மற்றொன்றின் கடுமையைக் கூட்டுகிறது. உங்கள் வாய்பாடோ கழிக்கிறது.

வைகறை:
ஆந்திரத்தில் 2024-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை ரூ.6,000 ஆக்கினார்கள். நீங்கள் இருவரும் ஐந்து சதவீதத்திற்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

கணக்கர்:
அதே ஆந்திரத்தில் 2025-இல் சான்றிதழ்களை மறு ஆய்வு செய்து பலருக்கு நோட்டீஸ் அனுப்பியதையும் சொல்லியிருக்கலாமே. வாரி வழங்கிவிட்டு வடிகட்டுவது வரவு செலவுத் திட்டமாகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பிறருக்கான திட்டங்களைவிட 25 சதவீதமாவது கூடுதலாகத் தரச் சொல்கிறது. இங்கே 2023-இல் முதியோர் ஓய்வூதியம் ரூ.1,200, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ரூ.1,500. கணக்கு இம்மி பிசகவில்லை.

வைகறை:
குறைந்தபட்சத்தையே உச்சவரம்பாக்கியதில் பெருமை வேறா? பேருந்துச் சலுகை விவாதத்திலும் இப்படித்தான் அரசு வழக்கறிஞராக வந்து நின்றீர்கள்.

கணக்கர்:
அந்த விவாதத்தில் பதில் சொல்லாமல் நழுவியவர் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பொருநைவாசி:
உங்கள் பழைய பகையைப் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு, அன்றாட வாழ்வுக்கே பிறர் துணை மிகுதியாகத் தேவைப்படுவோரை மதிப்பிடத் தனிக் குழு அமைக்கச் சொல்கிறது. தேவையை அளக்கச் சட்டத்தில் வழியிருக்க, காலையும் கண்ணையும் தனித்தனியே அளந்து, கூட்டும்போது 20-ஐ விழுங்கிவிட்டு, அந்த எண்ணைக் கொண்டு ரூ.2,000-க்குப் பதில் ரூ.1,500 என்று மாதம் ரூ.500-ஐ மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் மதிப்பீடா? மத்திய அரசோ 80 சதவீதம் இருந்தால்தான் தன் ஓய்வூதியமான ரூ.300-ஐயே தரும். இந்த எண்களை எழுதியவர்கள் ஊன்றுகோலோடு ஒரு படியாவது ஏறியிருப்பார்களா?

கணக்கர்:
38-ஆம் பிரிவுக்கும் உதவித்தொகைக்கான 75-க்கும் முடிச்சுப் போடாதீர்கள். நெறிமுறையின்படி 70 தான்.

பொருநைவாசி:
90.