இசே ஜிங்கூ ஒரே நாளில்: எந்தக் கோயில் முதலில்?

கேள்வி (வழிப்போக்கி): ஜப்பானில் நாகோயாவிலிருந்து காலையில் கிளம்பி இசே ஜிங்கூ (ஷிண்டோ மதக் கோயில் வளாகம்) பார்த்துவிட்டு மாலையே திரும்ப வேண்டும். அதன் வெளிக் கோயிலான கெக்கூ, உள் கோயிலான நைக்கூ இரண்டுக்கும் நேரம் இருக்குமா? அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. உள்ளே படம் எடுக்க விடுவார்களா?

ரயில்பித்தன்: தாராளமாக முடியும். கின்டெட்சு விரைவு ரயிலில் இசேஷி நிலையம் சுமார் ஒன்றரை மணி நேரம். முதலில் கெக்கூ, அப்புறம் நைக்கூ, மரபு அதுதான். கெக்கூ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. அங்கிருந்து நைக்கூவுக்கு பஸ் பிடியுங்கள், 15-20 நிமிடம். கெக்கூவில் பாதையின் இடப்பக்கமாகவும் நைக்கூவில் வலப்பக்கமாகவும் நடக்க வேண்டும். நடுவழி தெய்வத்துக்கு.

அம்மாவுக்குச் சிரமம் தரப்போவது தூரமல்ல, சரளைக்கல். சக்கரப் பெட்டியை நிலையத்திலேயே வைத்துவிடுங்கள். கெக்கூவில் தாகா-நோ-மியா என்ற துணைச் சன்னதிக்கு 98 படிகள், அதை விட்டுவிடலாம். திறப்பது எப்போதும் காலை 5 மணி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள், அதைக் கவனியுங்கள்.

தோரிநிழல்: வணங்கும் முன் கை கழுவும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அகப்பையில் ஒரே தடவை மொள்ளும் நீரில் எல்லாம் முடிய வேண்டும்: இடக்கை, வலக்கை, பிறகு இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிப்பது, மறுபடி இடக்கை, மிச்ச நீர் காம்பு வழியே வடியும்படி அகப்பையை நிமிர்த்துவது. முதல் ஊற்றலிலேயே பாதியைக் கொட்டினால் காம்புக்கு நீர் இருக்காது. அகப்பையில் வாய் வைக்கவே கூடாது. நைக்கூவில் இசுசு ஆற்றங்கரையிலேயே கழுவிக்கொள்ளலாம்.

சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு கை தட்டி, ஒரு முறை குனிந்து வணங்குங்கள். பிரதான சன்னதியில் நன்றி மட்டும் சொல்வது வழக்கம். சொந்த வேண்டுதலுக்கு நைக்கூவில் அராமத்சுரி-நோ-மியா என்ற துணைச் சன்னதி இருக்கிறது.

மரத்தச்சு: படம்: நைக்கூ பிரதான சன்னதிப் படிக்கட்டின் அடிவரை எடுக்கலாம், மேலே கூடாது. ஏறினாலும் கட்டடம் முழுதாகத் தெரியாது, நான்கடுக்கு வேலி. கூரையும் வாசலில் தொங்கும் வெள்ளைத் திரையும்தான் கண்ணில் படும். பக்கத்துக் காலி மனையைப் பார்க்காமல் வராதீர்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயிலை அங்கே புதிதாகக் கட்டி மாற்றுவார்கள். 690இல் தொடங்கியது, 2013இல் 62ஆவது, அடுத்தது 2033. "ஒருமுறைகூடத் தவறவில்லை" என்று சில வழிகாட்டிகள் சொல்வது சரியல்ல. உள்நாட்டுப் போர்க்காலத்தில் 120 ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோயிருந்தது. பழைய மரம் வீணாவதில்லை: முகட்டைத் தாங்கிய தூண்கள்தான் நைக்கூ நுழைவிலுள்ள உஜி பாலத்தின் இரு முனைத் தோரிகளாக (கோயில் வாயில் வளைவுகளாக) நிற்கின்றன.