'ரொம்போ' என்பதற்குச் சாய்சதுரம் மட்டும் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

இத்தாலியச் சொல்லான 'ரொம்போ'வுக்குச் 'சாய்சதுரம்' என்றும், அப்பெயருடைய மீனுக்குச் 'சாய்சதுர மீன்' என்றும் நண்பர் பரிந்துரைத்தவற்றுள் முன்னதை ஏற்கிறேன், பின்னது பொருந்தாது. நான்கு பக்கங்களும் சமமான இணைகரத்தைப் பாடநூல்கள் சாய்சதுரம் என்றே வழங்குவதால், வடிவத்தைப் பற்றிப் பேச ஏதுமில்லை. இயந்திரத்தின் உறுமலையும் இடியின் முழக்கத்தையும் குறிக்கும் 'ரொம்போ'வை அகராதிகள் தனித் தலைச்சொல்லாகவே பிரித்துவைத்துள்ளன, நாமும் பிரித்துவிடலாம். கடலோடிகளின் வழக்கில் 'ரொம்போ' என்பது திசைகாட்டி வட்டத்தின் 32 பகுதிகளுள் ஒன்று, அதாவது 11 பாகை 15 கலை (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு). அதற்குத் 'திசைக்கூறு' என்பது என் முன்மொழிவு.

சிக்கல் மீனில்தான். இத்தாலிய அங்காடியில் 'ரொம்போ கியொதாத்தோ', 'ரொம்போ லிஷ்ஷோ' என இரண்டு மீன்கள் உண்டு. இரண்டுமே கண்கள் உடலின் இடப்பக்கத்தில் அமைந்த தட்டைமீன்கள். ஓரங்களை ஒட்டி நெடுக ஓடும் முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் நடுவில் உயர்ந்திருப்பதால், மேலிருந்து பார்க்கையில் முந்தைய மீனில் சாய்சதுரச் சாயல் தெரிகிறது. ஆயினும் அறிவியற்பெயரில் 'ரோம்பஸ்' (சாய்சதுரம்) என்னும் அடைமொழி பிந்தைய மீனுக்கே உரியது. முந்தையது 'ஸ்கோப்தால்மஸ் மாக்சிமஸ்'. எனவே 'சாய்சதுர மீன்' என்றால் எதைச் சொல்கிறோம் என்று விலங்கியல் படித்தவரே குழம்புவார்.

இத்தாலியர் இவ்விரண்டையும் பிரித்தறிவது தோலைக் கொண்டுதான். முந்தையதன் தோலில் செதில்கள் இல்லை. கண்ணுள்ள பக்கத்தில், விரலால் தடவினால் நெருடும் எலும்பு முண்டுகள் இருக்கின்றன. 'கியொதாத்தோ' என்றால் ஆணியடித்தது என்று பொருள். 'லிஷ்ஷோ' என்றால் வழுவழுப்பானது. ஆகவே 'ஆணித் தட்டைமீன்', 'வழுவழுத் தட்டைமீன்' என்று வைத்துக்கொள்ளலாம். 'நாக்குமீன்' என்ற மாற்றுப் பரிந்துரை வேண்டாம். அது நம் கரையில் நீண்டு ஒடுங்கிய வேறு இனங்களுக்கு ஏற்கெனவே வழங்கிவரும் பெயர், அகன்ற இம்மீனுக்கு ஒட்டாது.

சமையற்குறிப்புகளில் அடைமொழியின்றி 'ரொம்போ' என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் முந்தையதையே சுட்டும் என்பதால், அவ்விடங்களில் 'ஆணித் தட்டைமீன்' என்றே பெயர்க்கலாம்.