திருட்டைக் காட்டிக்கொடுக்கும் டிராக்கர்: எங்கள் காரில் சோதித்தது, உங்கள் காரில் நடந்தது

காரில் ஜிபிஎஸ் டிராக்கர் பொருத்தியவர்களில் பலர், செயலியைத் திறந்து வரைபடத்தில் வண்டி நகர்வதைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு மின்சாரம் இருக்கிறது, வானம் திறந்திருக்கிறது, செல்பேசி சிக்னல் கிடைக்கிறது. திருடன் கை வைத்ததும் இவற்றில் ஏதாவது ஒன்று போய்விடும். அப்போது கருவி என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. எங்கள் வீட்டுக் காரில் பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

முதலில் பேட்டரி. பானெட்டைத் திறந்து, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் நெகடிவ் டெர்மினலைக் கழற்றினேன். சில நொடிகளிலேயே மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதாகச் செல்பேசிக்கு எச்சரிக்கை வந்தது. இந்த இடத்தில் திருப்தியடைந்து டெர்மினலை மறுபடி மாட்டிவிடக் கூடாது. கருவிக்குள் இருக்கும் சிறிய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல மணி நேரம் தாங்கும் என்று சொல்லித்தான் பொருத்தினார்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், செயலி ‘ஆஃப்லைன்’ என்று காட்டியது. டேஷ்போர்டின் அடிமூடியைக் கழற்றி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்த கருவியை எலெக்ட்ரீஷியன் வெளியே எடுத்தார். அதன் ஒரு பக்கம் புடைத்திருந்தது. உள்ளே லித்தியம் பேட்டரி உப்பிப்போயிருந்தது. கோடைதோறும் வெயிலில் பூட்டிக் கிடந்த காருக்குள் இருந்த பேட்டரி அது. இப்படியொரு பழுது இருப்பதைச் செயலி ஒருநாளும் சொன்னதில்லை. கருவியையே மாற்றினோம்.

அடுத்தது உறக்கம். இக்னிஷனை அணைத்துச் சற்று நேரமானதும் பல கருவிகள் கார் பேட்டரியை மிச்சப்படுத்த உறங்கிவிடும். எப்போதாவது ஒருமுறைதான் இருப்பிடத்தை அனுப்பும். சாவியே இல்லாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போனால், அசைவை உணர்ந்து கருவி விழித்துக்கொள்ள வேண்டும். இரவு முழுவதும் நிறுத்தி வைத்த காரைக் காலையில் நியூட்ரலில் போட்டு, தம்பியும் பக்கத்து வீட்டு அண்ணனும் தள்ளினார்கள். ஸ்டியரிங் பூட்டியிருந்ததால் நேராகப் போகிற தூரம் மட்டும்தான். கார் நான்கைந்து வீடுகளைத் தாண்டியும் செல்பேசி வாய் திறக்கவில்லை. பார்த்தால், அதிர்வு உணரியின் உணர்திறனைக் கடைக்காரர் மிகக் குறைவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முழுவதும் ஏற்றினால் தெருவில் லாரி போனாலும் அலறுகிறது. நடுவில் வைத்த பிறகு, ஒரு வீட்டைத் தாண்டுவதற்குள் எச்சரிக்கை வருகிறது.

அடுக்குமாடியின் தரைத்தளத்துக்குக் கீழே நிறுத்தினால் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காது. அதைக் கருவியின் குறையாக நினைக்க வேண்டாம். வெளியே வந்ததும் எவ்வளவு சீக்கிரம் சரியான இடத்தைக் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள்.

*பதில், மதுரையிலிருந்து:*
எனக்கு நேர்ந்தது சிம் கார்டு சிக்கல். பொருத்திய கடையே வருடச் சந்தாவில் சிம்மையும் சேர்த்துக் கொடுத்திருந்தது. 13 இலக்க எண் கொண்ட, கருவிகளுக்கான சிம் அது. நிறுவனத்தின் பெயரில் இருப்பது. சந்தா முடிந்ததை யாரும் சொல்லவில்லை. செயலியோ எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு, அங்கிருந்தே செயலியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அது கருவி கடைசியாக அனுப்பிய இருப்பிடம் என்று. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ என்பதை அவசியம் பாருங்கள். சிம் மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று: பழைய 2ஜி கருவிகளில் ஜியோ சிம் வேலை செய்யாது. அந்த நிறுவனத்துக்கு 2ஜி சேவையே கிடையாது.

*பதில், கோவையிலிருந்து:*
டாக்சி வைத்திருப்பவர்களுக்காக. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏஐஎஸ் 140 என்ற இந்தியத் தரத்திலான இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். ஆட்டோவுக்கு விலக்கு உண்டு. அந்தத் தரத்தின்படி உள் பேட்டரி 4 மணி நேரமாவது தாங்க வேண்டும். எஃப்சிக்கு, அதாவது வாகனத் தகுதிச் சான்றுக்கு, போகும்போது மட்டும் அதை நினைத்துக்கொள்வது போதாது. மேலே சொன்ன டெர்மினல் சோதனையை நானும் செய்கிறேன், கையில் கடிகாரத்தோடு. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் பழுது பார்க்கும் கருவியை மாட்டுகிற ஓபிடி போர்ட்டில் செருகும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். குனிந்து கை விட்டால் கையோடு வந்துவிடும்.

*பதில், ஓசூரிலிருந்து:*
எங்கள் கார் உண்மையிலேயே திருடு போனது. கருவி நன்றாக வேலை செய்தது. ஆனால் செயலியின் கடவுச்சொல் என் கணவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் அப்போது விமானத்தில் இருந்தார். அவர் இறங்கும்வரை நானும் மாமனாரும் காவல் நிலையத்தில் பதிவெண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பிறகு இருப்பிடத்தைக் காவலர்களிடம் காட்டினோம், அவர்கள் போய் மீட்டார்கள். நாமே துரத்திக்கொண்டு போகக் கூடாது. 112-க்கு அழைத்துக் காவலர்களை அனுப்ப வேண்டும். வீட்டில் இன்னொருவர் செல்பேசியிலும் செயலியைப் போட்டு, அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

*பதில், சேலத்திலிருந்து:*
என் கருவியில் இன்ஜினை நிறுத்தும் ரிலேயும் (மின் சுவிட்ச்) இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது? ஓட்டும்போது செய்து பார்க்கலாமா?

*பதிவிட்டவர்:*
ஓட்டும்போது வேண்டவே வேண்டாம். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக்குக்கான உதவியும் போய்விடும். பின்னால் வருகிறவர் உயிருக்கும் ஆபத்து. காலி மைதானத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போது கட்டளையை அனுப்புங்கள். ரிலேயை இக்னிஷனில் இணைத்திருந்தால் உடனே நிற்கும். இன்ஜினுக்கு எரிபொருளை அனுப்பும் பம்பில் இணைத்திருந்தால் குழாயில் மிச்சமிருப்பது தீரும்வரை கொஞ்சம் ஓடி நிற்கும். சில கருவிகள் வண்டியின் வேகம் குறைந்த பிறகே கட்டளையை ஏற்கும். அந்த வசதி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் இயங்கவிடும் கட்டளையையும் அனுப்பி, கார் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டே அங்கிருந்து புறப்படுங்கள்.