கடலூர்–பாண்டி ஓட்டத்துக்குக் கைகரா, மேக்னைட்டா?

கெடிலக்கரை: மாசம் 900 கி.மீ. ஓட்டம். பாதி மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்கு, மீதி ஊருக்குள்ள. வீட்டில் அஞ்சு பேர், அதில் ரெண்டு பேர் வயசானவங்க. ரெனோ கைகர், நிசான் மேக்னைட், இந்த ரெண்டு கார்ல எது? டர்போ (காத்தை அழுத்தி ஊதி சக்தியைக் கூட்டுற) இஞ்சினுக்குக் கூடுதல் காசு தகுமா?

ஸ்பேனர்31: ரெண்டும் ஒரே எலும்புக்கூடு சார். ஒரகடத்தில் ஒரே ஆலை, வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) 2,500 மி.மீ., தரை இடைவெளி 205 மி.மீ. அதனால பேரை அப்புறம் பாருங்க, முதல்ல இஞ்சினை முடிவு பண்ணுங்க. டர்போ இல்லாதது 72 பிஎஸ் சக்தி, 96 நியூட்டன் மீட்டர் இழுவிசைதான். அஞ்சு பேரும் ஏசியும் சேர்ந்தா, கன்னியக்கோயில் பக்கம் லாரியை முந்த மூணாம் கியருக்கு இறக்கியே ஆகணும். டர்போ 100 பிஎஸ். மேனுவலில் 160, சிவிடியில் (கிளட்ச் இல்லாத, பெல்ட்டில் ஓடுற ஆட்டோமேட்டிக்) 152 நியூட்டன் மீட்டர்.

தேவனாம்பட்டினம்: எலும்புக்கூடு ஒண்ணுன்னா எல்லாம் ஒண்ணா? குளோபல் என்கேப் அமைப்போட மோதல் சோதனையில் மேக்னைட்டுக்கு 2025-ல பெரியவங்க பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம். கைகருக்கு 2022-ல 4 தான்.

ஸ்பேனர்31: அந்த 4 வந்தது ரெண்டு ஏர்பேக் வண்டிக்கு, பழைய விதிப்படி. 2022 ஜூலைக்கு அப்புறம் விதியே மாறி, பக்கவாட்டு மோதலும் கணக்கில் வந்துடுச்சு. ரெண்டு மார்க்கையும் பக்கத்தில் வைக்கிறது பழைய பாடத்திட்ட மார்க்கைப் புதுசோட ஒப்பிடுற மாதிரி. இப்ப வர்ற கைகரிலும் ஆறு ஏர்பேக். டிக்கி 405 லிட்டர், மேக்னைட்டில் 336. ஒரு நடுத்தர டிராலி பெட்டி கூடுதலா போகும்.

அரியாங்குப்பம்_ஆட்டோ: ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க. புது சாதா மாடல் விலைக்கு ரெண்டு மூணு வருஷப் பழைய டர்போவே கிடைக்கும். அதைப் பாக்கலாமே?

தேவனாம்பட்டினம்: பாண்டியில் பழைய வண்டியா? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை மறந்துட்டீங்களா? ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல மழை. எது தண்ணியில் நின்ன வண்டின்னு யாருக்குத் தெரியும்?

அரியாங்குப்பம்_ஆட்டோ: கண்டுபிடிக்கலாம். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க; சுருளுக்குள்ள இருக்கிற அந்தக் கடைசி முழத்தைக் கழுவ மறந்துடுவாங்க, சேத்துக்கோடு அப்படியே நிக்கும். டிரைவர் பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை ஈரம் இருக்கான்னு அமுக்கிப் பாருங்க. ஸ்டெப்னியை எடுத்துட்டு அந்தக் குழியையும், சீட்டு ரயிலின் போல்ட்டுகளையும் சேறு, துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. வாசனைத் திரவியம் தூக்கலா அடிச்சா, அப்பவே கிளம்பிடலாம்.

ஸ்பேனர்31: இதோட பிஒய் (பாண்டிப் பதிவு) நம்பர் பிரச்சினையும் இருக்கு. வேற மாநில வண்டியைக் கடலூரில் 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி நம்பர் மாத்தணும். பாண்டி ஆர்டிஓவில் படிவம் 28-ல தடையின்மைச் சான்று, இங்கே படிவம் 27, அதுக்கு மேல தமிழ்நாட்டு வரி. விலை பேசும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

கெடிலக்கரை: பழசு வேண்டாம். வீடு கடற்கரைப் பக்கம்; அண்டர்பாடி கோட்டிங் (வண்டி அடியில் துருத் தடுப்புப் பூச்சு) அவசியமா?

அரியாங்குப்பம்_ஆட்டோ: அடிக்கலாம், ஆனா வண்டி எடுத்த உடனே. உப்பு படிஞ்சதுக்கு மேல அடிச்சா துருவை உள்ளே பூட்டி வைக்கிற வேலை. கதவோட அடி விளிம்பில் தண்ணி வடியற ஓட்டைகள் இருக்கும். அதை அடைச்சுட்டாங்கன்னா கதவு உள்ளிருந்தே அரிக்கும். நீங்களே பக்கத்தில் நின்னு டேப் ஒட்டச் சொல்லுங்க. முன்பக்கம் இருக்கிற ஏசி கண்டென்சருக்கு (ஏசி வெப்பத்தை வெளியே விடுற பாகம்) பிரஷர் வாஷ் கூடாது, அலுமினியத் தகடு மடங்கிடும். ஓஸ் தண்ணியை லேசா விட்டாலே போதும்.

தேவனாம்பட்டினம்: ஊருக்குள்ள ஓட்டம்னா சிவிடி எடுங்க. பாண்டி நேரு வீதி நெரிசலில் கிளட்ச் மிதிச்சுக் கால் செத்துடும்.

ஸ்பேனர்31: சுகம்தான், ஒத்துக்கிறேன். ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு அழுத்தினா சத்தம் முன்னாடி, வேகம் பின்னாடி. ஆயில் மட்டும் சிவிடிக்குன்னு குறிச்சதையே ஊத்தணும். சாதா கியர் ஆயில் ஊத்தினா பெல்ட் வழுக்கும்.

கெடிலக்கரை: டர்போ மேனுவல்னு முடிவு. அம்மாவோட சக்கர நாற்காலியை மடிச்சு வைக்கணும், அதான் டிக்கி யோசனை.

தேவனாம்பட்டினம்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! அப்ப கைகரையே பாருங்க. லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீங்க, நாற்காலியையே ஷோரூமுக்குத் தூக்கிட்டுப் போங்க. டிக்கி வாய் எவ்வளவு அகலம், பம்பர் விளிம்பைத் தாண்டி எவ்வளவு தூக்க வேண்டியிருக்குன்னு தெரிஞ்சுடும்.