பள்ளிக்கு உதவ மூன்று தலைமுறை தயார், யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பக்கத்துப் பள்ளியில் தன்னார்வலராக உதவ எங்கள் வீட்டில் மூவர் கிளம்பியிருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. போன வாரம் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அருகில் உட்காரவைத்து, எழுத்துக்குக் கீழே விரலை நகர்த்தி வாசிக்கச் சொன்னார். 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவன், நான்காம் முறை நாக்கை மடித்துச் சரியாகச் சொல்லிவிட்டான். அப்பாவுக்கு வேலை அமைந்துவிட்டது.

சிக்கல் எங்கள் இருவருக்குத்தான். எனக்குச் சனிக்கிழமை மட்டுமே ஓய்வு. நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு எண் ஒட்டிக் கொடுத்தால் பயன்படுமா? 11ஆம் வகுப்பு படிக்கும் மகள், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன் என்கிறாள் (அவள் கணக்கு என்ன ஆகுமோ!). 18 வயது நிரம்பாதவர்களைப் பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றனவா? தலைமையாசிரியரிடம் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.